கணக்கு வகுப்பில் அழகுக்கும் இடம் கொடுங்கள்: கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

அழகு என்றதும் ஓவியம் நினைவுக்கு வரும், பாட்டு வரும், கோபுரமும் அருவியும் வரும். கணக்கு வராது. கணக்கு என்றால் மார்க், கட் ஆஃப், பயம் என்றே பழகிவிட்டோம். ஆனால் மனித மூளை அழகை இப்படிப் பிரித்து வைக்கவில்லை. ஒரு நல்ல பாட்டைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறதோ, அதே பகுதி ஒரு நல்ல சமன்பாட்டைப் பார்க்கும்போதும் சுறுசுறுப்பாகிறது. பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்த்துச் சொன்ன செய்தி இது. ஓவிய ஆசிரியருக்கும் பாட்டு ஆசிரியருக்கும் உள்ள அதே வாய்ப்பு உங்களுக்கும் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நானும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். உங்கள் நாள் எப்படிப் போகும் என்று அறிந்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செமிர் செக்கி என்ற நரம்பியல் அறிஞர், அழகை உணரும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். 2011-இல் அவரும் டோமோஹிரோ இஷிசுவும் 21 பேரை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்கவைத்து ஓவியங்களைக் காட்டினார்கள், இசைத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். எஃப்எம்ஆர்ஐ என்பது மூளையின் எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று காட்டும் கருவி. வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும். பார்ப்பதற்கு மூளையில் ஓர் இடம், கேட்பதற்கு வேறோர் இடம். ஆனால் 'இது அழகு' என்று அவர்கள் சொன்ன தருணங்களில், படமானாலும் இசையானாலும், ஒரு பகுதி மட்டும் பொதுவாக எழுந்து நின்றது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே, மூளையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் பகுதி அது. மீடியல் ஆர்பிட்டோஃப்ரான்டல் கார்ட்டெக்ஸ் என்பது அதன் பெயர்.

ஓவியமும் இசையும் புலன்வழி வருபவை. வண்ணமும் இல்லாமல், ஓசையும் இல்லாமல், வெறும் சிந்தனையாக வரும் அழகுக்கும் அந்த இடம் அசையுமா? இந்தக் கேள்விக்குக் கணக்கை விடப் பொருத்தமான சோதனைப் பொருள் கிடைக்காது. செக்கி தன் குழுவில் மைக்கேல் அட்டியாவைச் சேர்த்துக்கொண்டார். ஃபீல்ட்ஸ் பதக்கமும் ஏபெல் பரிசும் வாங்கிய கணித மேதை அவர். 2014-இல் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது.

15 கணிதவியலாளர்கள், 60 சூத்திரங்கள். ஸ்கேனுக்கு முன்பே சூத்திரங்களைக் கையில் கொடுத்து, ஆற அமரப் பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மிக அசிங்கம் என்றால் -5, மிக அழகு என்றால் +5. பிறகு ஸ்கேனருக்குள் அதே சூத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அழகு, சுமார், அசிங்கம் என்று அங்கேயும் சொல்ல வேண்டும். ஓவியத்துக்கும் இசைக்கும் விழித்துக்கொண்ட அதே பகுதி சூத்திரத்துக்கும் விழித்துக்கொண்டது. அழகு கூடக் கூட அதன் செயல்பாடும் கூடியது.

அழகு என்று பலரும் ஒப்புக்கொண்டவற்றில் முதன்மையானது ஆய்லரின் சமன்பாடு. இ-யை ஐ-பை என்ற அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கூட்டினால் 0. கணக்கின் வெவ்வேறு மூலைகளில் பிறந்த ஐந்து எண்கள் ஒரே வரியில் வந்து நின்று ஒன்றுமில்லாமல் ஆகின்றன. அதற்கு மேல் அதில் ஒரு எழுத்துகூட அதிகம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதை வைத்து 'மூளையில் அழகுக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது' என்று மேடையில் பேசிவிடக் கூடாது. அதே பகுதி, பிடித்த உணவுக்கும் வேலை செய்கிறது, கையில் பணம் வரும்போதும் வேலை செய்கிறது. 'இது எனக்கு நல்லது, இது மறுபடி வேண்டும்' என்று மூளை மதிப்புப் போடும் இடங்களில் அது ஒன்று. என்னைப் பொறுத்தவரை நமக்கு வேண்டிய செய்தியும் அதுதான். பசித்தவனுக்குச் சாப்பாடு கிடைத்தால் மூளை எப்படித் தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்கிறதோ, அப்படிப்பட்ட பரிசை ஒரு நல்ல கணக்கும் வாங்கித் தரும். ஸ்டார் ஒட்ட வேண்டாம், சாக்லேட் கொடுக்க வேண்டாம். பரிசு கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஆய்வில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஸ்கேன் முடிந்ததும், எந்தச் சூத்திரம் எவ்வளவு புரிந்தது என்றும் கேட்டார்கள். புரிந்த சூத்திரங்களையே பெரும்பாலும் அழகு என்றார்கள், ஆனால் புரிந்ததெல்லாம் அழகாகிவிடவில்லை. நன்றாகப் புரிந்தும் மனதைத் தொடாத சூத்திரங்கள் இருந்தன. புரிதலின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த மூளைப் பகுதி அழகின் அளவையே பின்பற்றியது. 'புரிஞ்சுதா?' என்று கேட்டு, 'புரிஞ்சுது டீச்சர்' என்ற பதில் வந்ததும் நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அதற்கு அப்பால் ஒரு நிலை இருக்கிறது, அங்கே மாணவர்களை நாம் கூட்டிப்போவதில்லை.

இப்போது இந்த ஆய்வில் நம் ஊர்க்காரர் ஒருவர் வரும் இடத்துக்கு வருகிறேன்.

60 சூத்திரங்களில் திரும்பத் திரும்ப 'அசிங்கம்' என்ற தீர்ப்பு வாங்கியது, ஈரோட்டில் பிறந்து கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த சீனிவாச ராமானுஜன் எழுதியது. 1-ஐப் பையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அவர் கண்ட முடிவிலாத் தொடர் அது. 1914-இல் அச்சில் வந்தது. பார்த்தால் மிரட்டும்தான். ஒரு பக்கம் 9801, இன்னொரு பக்கம் 1103, நடுவில் 26390, கீழே 396-இன் அடுக்குகள், இவற்றோடு காரணீயப் பெருக்கங்கள். ஏன் 1103? ஏன் 396? எங்கிருந்து வந்தன என்று சூத்திரத்தின் முகத்தில் எந்தத் தடயமும் கிடையாது.

ஆனால் அதன் முதல் உறுப்பை மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். பையின் மதிப்பு 3.141592 வரை, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் சரியாக வந்துவிடும். அடுத்தடுத்து ஒவ்வொரு உறுப்பைச் சேர்க்கும்போதும் ஏறத்தாழ எட்டு இலக்கங்கள் கூடுதலாகக் கிடைக்கும். 1985-இல் பில் காஸ்பர் என்பவர் இந்தத் தொடரைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, பையை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். அது ஏன் உண்மை என்பதற்கான முழு நிரூபணத்தை ஜோனதன், பீட்டர் போர்வெய்ன் சகோதரர்கள் 1987-இல் வெளியிட்ட நூலில் தந்தார்கள். ராமானுஜன் எழுதி 70 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. பையின் இலக்கங்களில் உலக சாதனை படைக்க இன்று பயன்படும் சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரமும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான்.

அந்தக் கணிதவியலாளர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று நான் வாதாடவில்லை. அவர்கள் கண்முன் இருந்தது வெறும் வரி. அந்த வரிக்குப் பின்னால் உள்ள மாடுலர் சமன்பாடுகளின் உலகம் கண்முன் இல்லை. அது தெரியும்போது 1103-உம் 396-உம் தற்செயலாக வந்து விழுந்த எண்களாக இருக்காது. அந்த இடத்தில் வேறு எண் வரவே முடியாது என்று தெரியும். மேற்படிப்பு படித்த கணிதவியலாளர்களுக்கே ஒரு சூத்திரம் முன்கதை இல்லாமல் வந்தால் அசிங்கமாகத் தெரிகிறது. அப்படியிருக்க, எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் முற்றொருமைகளைக் கட்டம் கட்டி எழுதிப்போட்டு 'மனப்பாடம் பண்ணு' என்றால் அதற்கு என்ன தெரியும்? மிரட்டும் எழுத்துகளின் வரிசைதான் தெரியும். அழகு ஒளிந்திருக்கும் இடத்துக்கு ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வகுப்பறையில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

அழகை உணர மூளைக்கு என்ன வேண்டும் என்பதற்கும் ஒரு நேரடியான சோதனை இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆன் பிரீல்மன், டெனிஸ் பெல்லி இருவரும் 2017-இல் வெளியிட்டது. ஆட்களுக்கு அழகான படங்களையும் சாதாரணப் படங்களையும் காட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், மென்மையான கரடிப் பொம்மையைத் தொடச் சொன்னார்கள். சில சுற்றுகளில் கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்கள். காதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும், இரண்டு எழுத்துக்கு முன் வந்த எழுத்தே மறுபடி வந்தால் உடனே அதைத் தெரிவிக்க வேண்டும். மனதை முழுதாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் வேலை அது. அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தபோது அழகான படங்கள் அழகு குறைந்து தெரிந்தன. சாதாரணப் படங்கள் தந்த சாதாரண இன்பம் மாறவில்லை. அழகு மட்டும்தான் அடிவாங்கியது. அழகை உணரச் சிந்தனை வேண்டும், சிந்திக்க மனதில் இடம் வேண்டும் என்பது அவர்கள் வந்த முடிவு.

இதை அப்படியே நம் வகுப்பறைக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கண் போர்டைப் பார்க்கிறது. மனதுக்குள் வேறு வேலை ஓடுகிறது: 'அடுத்து என்னை எழுப்புவாங்களோ? வாய்ப்பாடு கேட்பாங்களோ? தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்களோ?' அந்தப் பிள்ளையின் கண்முன்னால் எவ்வளவு அழகான நிரூபணம் விரிந்தாலும் அதைப் பார்க்க மனதில் இடமில்லை.

கணக்குப் பயம் என்பது சோம்பேறித்தனத்துக்குப் பிள்ளைகள் சொல்லும் சாக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். மூளைப் படங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனனின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 7 வயதிலிருந்து 9 வயது வரையுள்ள குழந்தைகள். கணக்குப் பயம் அதிகமுள்ள குழந்தைகளுக்குக் கணக்குப் போடும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா கூடுதலாக வேலை செய்தது, எண்களைக் கையாளும் பகுதிகள் குறைவாக வேலை செய்தன. அதே ஆண்டில் இயன் லயன்ஸ், சியான் பைலாக் இருவரும் பெரியவர்களிடம் கண்டது இன்னும் மனதைத் தைக்கும். கணக்குப் பயம் மிகுந்தவர்களுக்கு, 'அடுத்து கணக்கு வரப்போகிறது' என்ற அறிவிப்பைப் பார்த்தாலே உடல் வலியோடு தொடர்புடைய இன்சுலாவின் ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது. கணக்கைப் போடும்போது அந்த விழிப்பு தெரியவில்லை. எதிர்பார்த்து நடுங்குவதுதான் வலிக்கிறது, கணக்கு வலிக்கவில்லை.

ஆசிரியர்களே, இந்தக் கடைசி வரியை உங்கள் மேசை மேல் எழுதி வையுங்கள் என்று கேட்பேன். வலிப்பது கணக்கு அல்ல என்றால், நாம் மாற்ற வேண்டியது கணக்குக்கு முந்திய அந்தச் சில நிமிடங்களை. பீரியட் மணி அடித்து நாம் வகுப்புக்குள் நுழையும் விதத்தை, முதல் கேள்வியை, முதல் தப்பான விடைக்கு நம் முகம் போகும் போக்கை.

சரி, அழகைக் காட்டுவது என்றால் எப்படிக் காட்டுவது? ஒரு பாடத்தைச் செய்தே காட்டுகிறேன். சாக்பீஸ் போதும்.

போர்டில் கோலப் புள்ளி வையுங்கள். 7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி. நம் பிள்ளைகளில் பலர் வீட்டு வாசலில் பார்த்ததுதான். மேலிருந்து கீழாக 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். கூட்டி 25 என்பார்கள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, நோட்டில் அதே புள்ளிகளை வைத்து, நோட்டை மூலைவாக்கில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். 4, 3, 4, 3, 4, 3, 4 என்று வரும். போர்டில், நான்கு புள்ளி உள்ள சாய்வு வரிசைகளுக்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸில் வட்டமிடுங்கள். நான்கு வரிசை, நான்கு நான்காக, ஒரு முழுச் சதுரம். மிச்சமுள்ள வெள்ளைப் புள்ளிகள் அந்தச் சதுரத்தின் இடைவெளிகளில் மூன்று வரிசை, மூன்று மூன்றாக, இன்னொரு சதுரம். ஒரு கோலத்துக்குள் இரண்டு சதுரங்கள் பின்னிக்கிடக்கின்றன. 16-உம் 9-உம் 25.

இங்கே நிறுத்துங்கள். விடையைச் சொல்லாதீர்கள். '5 புள்ளிக் கோலத்துக்கு என்ன வரும்? 9 புள்ளிக்கு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 5 புள்ளிக்கு 9-உம் 4-உம் சேர்ந்து 13. 9 புள்ளிக்கு 25-உம் 16-உம் சேர்ந்து 41. இது எப்போதும் வருமா, ஏன் வருகிறது? கோலத்தை நிமிர்த்தி, நடுவரிசையோடு சேர்த்து மேல்பாதியைப் பாருங்கள்: 1+3+5+7. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் சிறப்புத் தொடர்கள் பகுதியில், முதல் ஒற்றை எண்களின் கூடுதல் வர்க்க எண் என்று இருக்கிறதே, அது இங்கே வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மேல்பாதி 4-இன் வர்க்கம், மிச்சமுள்ள 5+3+1 என்பது 3-இன் வர்க்கம். சாய்த்துப் பார்த்தாலும் நிமிர்த்திப் பார்த்தாலும் அதே இரண்டு சதுரங்கள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 25 என்பதும் ஒரு வர்க்க எண். 3, 4, 5. பிதாகரஸ் தேற்றத்தின் முதல் மும்மை 7 புள்ளிக் கோலத்தில் கிடக்கிறது. 13 வர்க்க எண் இல்லை, 41-உம் இல்லை. அப்படியானால் மறுபடி எந்தக் கோலத்தில் வர்க்க எண் வரும்? ஆர்வமுள்ள பிள்ளைகள் தேடட்டும். நடுவரிசையில் 41 புள்ளி உள்ள கோலம் வரை போக வேண்டும். 21-இன் வர்க்கம் 441, 20-இன் வர்க்கம் 400, கூட்டினால் 841, அது 29-இன் வர்க்கம். யாராவது ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்து ஓடிவந்தால், அன்று அந்தப் பிள்ளையின் நெற்றிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கோலத்துக்குள் கணக்கு இருப்பது நம் ஊர் அறிஞர்கள் கண்டுகொண்ட விஷயம்தான். மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1970-களிலேயே கோலத்தை எடுத்துக்கொண்டு, வடிவங்களுக்கு இலக்கணம் வகுக்கும் கணினிக் கோட்பாட்டில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். அம்மாவின் கைவேலை ஆராய்ச்சிக் கூடம் வரை போயிருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒரு நிமிர்வு வரும்.

காத்திருங்கள் என்று நான் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. கனடாவில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர் 2011-இல் இசையை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாட்டு கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அளந்தார்கள். பாட்டின் உச்சம் வரும்போது ஓர் இடத்தில் சுரந்தது. அந்த உச்சம் வரப்போகிறது என்று மனம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நொடிகளிலேயே வேறோர் இடத்தில் சுரந்திருந்தது. எதிர்பார்ப்பே இன்பத்தின் ஒரு பாதி. இது இசையில் கண்டது, கணக்குக்கும் இப்படியே என்று நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புதிரின் விடை வரப்போகிறது என்று வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைப் பார்த்த ஆசிரியர் யாரும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதே எதிர்பார்ப்பு பயத்தோடு வந்தால் வலி, ஆவலோடு வந்தால் இன்பம்.

'இதெல்லாம் முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு, என் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தலே வராது' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சாமுவேல் ஜான்சன், ஸ்டெஃபான் ஸ்டைனர்பெர்கர் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் கணிதம் படிக்காத சாதாரண மக்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1 முதல் வரிசையாக எண்களைக் கூட்ட காஸ் கண்ட வழி, புறாக்கூட்டுத் தத்துவம் போன்ற எளிய வாதங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்த இயற்கைக்காட்சி ஓவியத்தைப் போல இருக்கிறது, எந்தப் பியானோ இசையைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் வந்த விடைகள் மனம்போன போக்கில் இல்லை, ஒருவருக்கொருவர் ஒத்துப்போயின. கணித வாதத்தின் அழகை உணரும் திறன் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கடைசி பெஞ்சுக்கும் அது உண்டு, அதைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புதான் குறைவு.

உங்கள் கஷ்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பத்தாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'வடிவியலும் வரைபடமும் போட்டுப் பழகு, 16 மார்க் நிச்சயம்' என்று சொல்லிக் கரையேற்றுவதும் அக்கறையில் பிறந்ததே. நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து நான்கு விஷயங்களை மட்டும் கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பாடத்திலும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் மெதுவாகப் போங்கள். எல்லாக் கணக்கும் அழகு என்று யாரும் நடிக்கத் தேவையில்லை. சிறப்புத் தொடர்கள் என்றால், 1, 8, 27, 64 ஆகிய கனங்களைக் கூட்டினால் 100 வருகிறது, 1, 2, 3, 4-ஐக் கூட்டி வர்க்கம் எடுத்தாலும் 100 வருகிறது என்ற இடம் போதும். கனங்களுக்கும் வர்க்கத்துக்கும் என்ன உறவு என்று பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க யோசிக்க விடுங்கள்.

இரண்டாவது, கணக்கைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வகுப்பில் பேசியதற்கு வாய்ப்பாடு இம்போசிஷன், தாமதமாக வந்ததற்குப் பயிற்சிக் கணக்கு பத்து என்று கொடுக்கும்போது, கணக்கு என்ற சொல்லுக்கு முன்னாலேயே வலியை வைத்துக் கட்டிவிடுகிறோம். அந்த முடிச்சை அவிழ்க்க அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ஆகலாம்.

மூன்றாவது, பாடம் முடிந்ததும் 'எது கஷ்டமா இருந்தது?' என்று கேட்பதோடு 'எது அழகா இருந்தது?' என்றும் கேளுங்கள். விடை ஆளுக்கு ஆள் மாறும், மாறட்டும். நியூயார்க்கில் எட்வர்ட் வெசல் குழுவினர் 2012-இல் ஓவியங்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒருவரை உருகவைத்த ஓவியம் பெரும்பாலும் அடுத்தவரைத் தொடவில்லை. ஆனால் அவரவரை உருகவைத்த ஓவியத்தின்முன், நம்மைப் பற்றி நாம் எண்ணும்போது வேலை செய்யும் மூளை வலைப்பின்னல் எல்லோரிடமும் விழித்தது. ஒரு பிள்ளைக்கு வட்டத்தின் நாண் பிடிக்கும், இன்னொன்றுக்கு எண்கள் பிடிக்கும். தனக்குப் பிடித்ததைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை கணக்குக்குள் தன்னையும் கொண்டுவந்து வைக்கிறது.

நான்காவது, டிசம்பர் 22. ராமானுஜன் பிறந்தநாளைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், வினாடி வினா வைக்கிறோம், 1729 கதையைச் சொல்கிறோம். வரும் டிசம்பரில் அவருடைய அந்த 'அசிங்கமான' சூத்திரத்தைப் போர்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. முதல் உறுப்பை மட்டும் கால்குலேட்டரில் போடச் சொல்லுங்கள். 9801-ஐ 1103-ஆல் வகுத்து, அதை 8-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 3.141592 என்று திரையில் வரும்போது வகுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இவற்றில் எதற்கும் மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை. அழகைக் கண்ட பிள்ளை அதிக மார்க் வாங்கும் என்று உங்களுக்கு வாக்குறுதி தரவும் மாட்டேன். ஒரு பிள்ளைக்குப் பாட்டு கேட்டு மகிழும் உரிமை இருப்பதைப் போல, நிரூபணம் ஒன்றைப் பார்த்து மகிழும் உரிமையும் இருக்கிறது. அதற்கான இடம் அதன் மூளையில் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிடப்போகும் பிள்ளைகளுக்கு நம் வகுப்புதான் கடைசி வாய்ப்பு. அந்த வாய்ப்பு கிடைக்காமலே அவர்கள் பள்ளியை விட்டுப் போவது நியாயமில்லை.

குறுவள மையக் கூட்டங்களில் உட்காரும்போது பாடத்திட்டம், தேர்வு, புள்ளிவிவரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லுங்கள்: இந்த மாதம் எந்தக் கணக்குக்கு என் பிள்ளைகள் 'இன்னொரு தடவை, டீச்சர்' என்றார்கள்? அதைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் குறித்துக்கொண்டு போய்த் தன் வகுப்பில் செய்து பார்க்கட்டும்.

மிகுந்த மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர்